விசுவாசமா, கிரியையா? மீட்பைப் பற்றிக் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் பிரியும் இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு திருச்சபைகளிலும் எனக்கு நெருங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரின் போதனையை விவரிக்கக் கேட்கும்போது பல நேரம் மனம் வலிக்கும். அவர்கள் எதிர்த்துப் பேசுவது மறுபக்கத்தார் நம்பாத ஒன்றையே. அதனால்தான் இந்தக் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்து எழுதுகிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிருபை என்று ஒரு தரப்பு சொல்வதை மறுதரப்பு அருள் என்கிறது. இரட்சிப்பு, மீட்பு, விசுவாசம், நம்பிக்கை, கிரியைகள், செயல்கள், ஞானஸ்நானம், திருமுழுக்கு ஆகியவையும் அப்படித்தான். நான் இரண்டையும் கலந்தே எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், சண்டை எதைப் பற்றியது?

பாவியான மனிதனைக் கடவுள் எந்த அடிப்படையில் நீதிமானாக ஏற்றுக்கொள்கிறார் என்பதைப் பற்றியது. கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் வரவு வைக்கப்படுவதாலா? அல்லது அந்த நீதி நமக்குள் ஊற்றப்பட்டு நாமே மாறுவதாலா? கிரியைகள், பேறுபலன் (நற்செயல்களால் வரும் தகுதி), இரட்சிப்பின் நிச்சயம், உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தபின் நடக்கும் சுத்திகரிப்பு) என்று நீளும் மற்ற தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவை.

கத்தோலிக்கர்கள் நற்செயல்களால் மீட்பைச் சம்பாதிக்கலாம் என்று நம்புகிறார்களா?

இல்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

மனிதன் தன் சொந்த முயற்சியாலேயே கடவுளுடைய கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்ற பெலாஜியுஸின் போதனையை மேற்கத்தியத் திருச்சபை 5ஆம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது. 529இல் ஒராஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி போனது: கடவுளை விசுவாசிக்க வேண்டும் என்று மனதில் எழும் முதல் விருப்பம்கூட அருளின் கொடைதான் என்றது. 16ஆம் நூற்றாண்டில் புரட்டஸ்தாந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மானியத் துறவி லூத்தருடைய போதனைக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம், 1547 ஜனவரி 13இல் நீதிமானாக்கப்படுதல் பற்றி ஓர் ஆணையை வெளியிட்டது. அதில் 16 அதிகாரங்கள், 33 கண்டன விதிகள். அந்த 33இல் முதலாவது யாரைக் கண்டிக்கிறது தெரியுமா? கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல், தன் செயல்களாலேயே ஒருவன் கடவுள் முன் நீதிமானாகலாம் என்று சொல்பவனை. அதே ஆணையின் எட்டாம் அதிகாரம், நீதிமானாக்கப்படுவதற்கு முன் நம்மிடம் இருக்கும் எதுவும், அது விசுவாசமானாலும் சரி செயலானாலும் சரி, அந்த அருளுக்கு நம்மைத் தகுதியாக்குவதில்லை என்கிறது.

சரி, ஏட்டில் இருப்பதும் சாதாரண ஜனங்கள் மனதில் பதிந்ததும் ஒன்றுதானா? எப்போதும் இல்லை. இத்தனை ஜெபம், இத்தனை யாத்திரை, இத்தனை காணிக்கை என்று கணக்குப் பார்க்கும் பக்தி 16ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. சீர்திருத்தக்காரர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தப் பக்தியைக் காட்டி, "இதுதான் கத்தோலிக்கப் போதனை" என்று சொல்வது நியாயமாகாது.

இரண்டு பேரும் கிருபை என்றே சொன்னால், பிரச்சினை எங்கே இருக்கிறது?

'நீதிமானாக்குதல்' என்ற ஒரு சொல்லில்.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'திகையோ'. அது நீதிமன்ற வாசனை உள்ள சொல்: குற்றம் சாட்டப்பட்டவனைப் பார்த்து, "நீ நீதிமான்" என்று நீதிபதி தீர்ப்புச் சொல்வது. லத்தீன் மொழிபெயர்ப்பில் அது 'யுஸ்திஃபிகாரே' ஆனது. அந்தச் சொல்லைப் பிரித்தால் 'நீதிமானாகச் செய்' என்று வரும். மேற்கில் எல்லாருக்கும் ஆசானாக இருந்த அகுஸ்தின் லத்தீனில் படித்தவர். கடவுள் பாவியை எடுத்து, தன் அன்பை அவன் இருதயத்தில் ஊற்றி, படிப்படியாக உண்மையிலேயே நீதியுள்ளவனாக்குகிறார் என்றே அவர் புரிந்துகொண்டார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மேற்கத்தியத் திருச்சபை அப்படியே படித்தது.

லூத்தரும், அவருடைய தோழர் மெலாங்தனும், அடுத்த தலைமுறைச் சீர்திருத்தக்காரரான கால்வினும் அதைத் தீர்ப்பாகப் படித்தார்கள். பாவி பாவியாக இருக்கும்போதே, கிறிஸ்துவின் நீதியை அவன் மேல் எண்ணி, கடவுள் அவனை விடுவிக்கிறார். அவனுக்குள் நடக்கும் மாற்றம் உண்மையானது, அவசியமானது. ஆனால் அது தீர்ப்பின் விளைவு, தீர்ப்புக்கான காரணம் ஆகாது. அந்த மாற்றத்துக்குப் பரிசுத்தமாகுதல் என்று தனிப் பெயர் வைத்தார்கள். கத்தோலிக்கப் போதனையில் இந்த இரண்டும் பிரியாது. மன்னிப்பும் உள்மாற்றமும் சேர்ந்ததுதான் நீதிமானாக்கப்படுதல் என்று திரெந்து சொல்கிறது. ஒருவர் நீதிமன்றத்தையும் மற்றவர் மருத்துவமனையையும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தெளிந்துவிடும்.

ஆனால் நீதிமன்ற உவமையை ரொம்பவும் இழுக்கக் கூடாது. லூத்தரே 1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி எழுதியபோது திருமணத்தைத்தான் உவமையாகச் சொன்னார். மணவாட்டியின் கடனெல்லாம் மணவாளனுடையதாகிறது, மணவாளனின் செல்வமெல்லாம் மணவாட்டியுடையதாகிறது. வெறும் காகிதத் தீர்ப்பு என்று யாராவது ஏளனம் செய்தால், இதை அவர்களுக்குப் படித்துக் காட்டலாம்.

தமிழில் இன்னொரு விஷயம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். புரட்டஸ்தாந்தர் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'நீதிமானாக்கப்படுகிறான்' என்று இருக்கிறது. காதுக்கு அது அகுஸ்தின் சொன்ன 'ஆக்குதல்' போலவே ஒலிக்கிறது. கத்தோலிக்கர் இன்று சொல்லும் 'ஏற்புடையவர் ஆதல்' என்பதோ, ஏற்றுக்கொள்ளப்படுவதைப் பற்றிப் பேசுகிறது. அது லூத்தருக்கு நெருக்கம். அவரவர் கையிலிருக்கும் சொல் மற்றவர் பக்கம் சாய்ந்து நிற்கிறது!

லூத்தருக்கு இது ஏன் உயிர்ப்பிரச்சினை ஆனது?

அவர் ஒழுங்கான துறவி. உபவாசம், விழிப்பு, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் என எதையும் குறைக்கவில்லை. அப்படியும் மனதுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. "போதுமான அளவு மனஸ்தாபப்பட்டேனா? உண்மையாகவே கடவுளை நேசிக்கிறேனா?" என்று தனக்குள் பார்க்கப் பார்க்க நடுக்கம்தான் கூடியது. ரோமர் 1:17இல் வரும் 'தேவநீதி' என்ற சொல்லையே வெறுத்ததாக அவர் 1545இல் எழுதினார். அது தன்னைத் தண்டிக்கும் நீதி என்று நினைத்திருந்தார். விசுவாசிக்கிறவனுக்குக் கடவுள் கொடையாகத் தரும் நீதி அது என்று புரிந்த நாளில், திறந்த கதவுகளின் வழியே பரதீசுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது என்கிறார்.

இதை உணராமல் லூத்தரைப் படித்தால், நல்லது செய்யச் சோம்பல்பட்டு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தவராகத் தெரிவார். அவர் தேடியது, தன் மனநிலையைச் சாராத ஓர் உறுதியை. எனக்கு வெளியே, கிறிஸ்துவிடம் இருக்கும் நீதிதான் என்னைக் காக்கும் என்றால், நான் தளர்ந்துபோன நாளிலும் அது தளராது.

லூத்தர் எழுதிய 95 கோட்பாடுகள் விசுவாசத்தைப் பற்றியவைதானே?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். 1517இல் வந்த அந்தக் கோட்பாடுகள் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையையும் மனந்திரும்புதலையும் பற்றியவை. விசுவாசத்தினால் மட்டும் என்ற போதனையை அவற்றில் தேடினால் கிடைக்காது. 43ஆவது கோட்பாடு சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேல் என்கிறது. கிரியைகளுக்கு எதிரி என்று பெயர் வாங்கியவர் எழுதியது அது.

ரோமர் 3:28இல் 'மட்டும்' என்ற சொல்லை லூத்தர் தானாகச் சேர்த்தாரா?

ஆமாம். 1522இல் வந்த அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இல்லை. எதிர்ப்பு வந்தபோது 1530இல் அவர் பதில் எழுதினார்: ஒன்றை மறுத்து மற்றொன்றை உறுதிசெய்யும்போது ஜெர்மானியர் இயல்பாகவே அந்தச் சொல்லைச் சேர்த்துப் பேசுவார்கள், பவுலின் கருத்தும் அதுதான் என்றார். அவருக்கு முன்பே, கத்தோலிக்கர் பெரிதும் மதிக்கும் தோமா அக்குவினாஸ் உட்படச் சிலர் 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற தொடரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் லூத்தர் கொடுத்த பொருளில் அவர்கள் அதைச் சொல்லவில்லை.

தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு அந்த வசனத்தில் "விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்" என்கிறது. லூத்தர் ஒரு சொல்லால் செய்ததை நம் மொழி ஓர் ஏகாரத்தால் செய்துவிட்டது.

யாக்கோபு 2:24 புரட்டஸ்தாந்தருக்கு நேர் எதிராக இல்லையா?

"மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" என்கிறார் யாக்கோபு. 'விசுவாசத்தினால் மாத்திரம்' என்ற தொடர் வேதத்தில் வரும் ஒரே இடம் இது. அதுவும் மறுக்கப்படும் இடம் என்று கத்தோலிக்கர் சுட்டிக்காட்டுவார்கள். லூத்தருக்கே இது தொண்டையில் முள்ளாக இருந்தது. 1522 முன்னுரையில் அதை 'வைக்கோல் நிருபம்' என்றார். பிற்காலப் பதிப்புகளில் அந்தத் தொடர் இல்லை. நிருபத்தையும் அவர் நீக்கவில்லை.

புரட்டஸ்தாந்தரின் பதில் இப்படிப் போகும். பவுலும் யாக்கோபும் ஒரே சொற்களை வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள். யாக்கோபு தாக்கும் விசுவாசம் வெறும் தலையாட்டல். "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்று அவரே ஐந்து வசனங்களுக்கு முன் சொல்கிறார். பவுல் பேசுவது, கிறிஸ்துவைப் பற்றிக்கொள்ளும் உயிருள்ள நம்பிக்கையை. ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். யாக்கோபு காட்டும் சம்பவமோ, ஈசாக்கைப் பலிபீடத்தின் மேல் வைத்தது; அது 22ஆம் அதிகாரம். முன்பே நீதிமானாக எண்ணப்பட்டவனின் விசுவாசம் உண்மையானது என்பதைப் பின்பு வந்த செயல் நிரூபித்தது.

கத்தோலிக்கர் இதே இரண்டு அதிகாரங்களையும் வைத்து வேறு முடிவுக்கு வருகிறார்கள். நீதிமானாக்கப்படுதல் ஒரு கணத்தில் முடிந்துபோவதில்லை. 15ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பெற்ற நீதி, 22ஆம் அதிகாரத்தில் கீழ்ப்படிதலால் வளர்ந்தது. திரெந்து, நீதி வளர்வதைப் பற்றிப் பேசும் பத்தாம் அதிகாரத்தில் இந்த யாக்கோபு வசனத்தைத்தான் மேற்கோள் காட்டுகிறது. பவுல் தள்ளுவது, அருளுக்கு முன் செய்யும் செயல்களை; யாக்கோபு சொல்வது, அருளைப் பெற்ற பின் செய்யும் செயல்களை.

என் கருத்தைக் கேட்டால், யாக்கோபின் வசனத்தைப் புரட்டஸ்தாந்தர் விளக்க வேண்டியிருக்கிறது. ரோமர் 4ஆம் அதிகாரத்தைக் கத்தோலிக்கர் விளக்க வேண்டியிருக்கிறது. "கிரியை செய்யாமல் பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவன்" என்று பவுல் எழுதும் வரியைச் சட்டென்று தாண்டிப் போய்விட முடியாது. எந்தத் தரப்பானாலும், தனக்குக் கடினமான வசனத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது எனக்குப் பிடிக்கும்.

அப்படியானால் புரட்டஸ்தாந்தர் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?

பவுலிடமே இந்தக் கேள்வி கேட்கப்பட்டது (ரோமர் 6:1). பதில்: "கூடாதே."

1530இல் மெலாங்தன் எழுதிய அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் ஆறாம் பகுதி, விசுவாசம் நல்ல கனிகளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. திரெந்துக்குப் பதில் எழுதிய கால்வின், விசுவாசம் மட்டுமே நீதிமானாக்குகிறது, ஆனால் நீதிமானாக்கும் விசுவாசம் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை என்ற கருத்தை அழகாகச் சொன்னார். சூரியனின் வெப்பத்தை ஒளியிலிருந்து பிரிக்க முடியாதல்லவா, அதுபோல. 1937இல் ஜெர்மானிய லூத்தரன் போதகர் போன்ஹோஃபர், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை 'மலிவான கிருபை' என்று சாடினார். தன் சொந்தச் சபையைப் பார்த்துத்தான் சொன்னார். கத்தோலிக்கப் பக்கம் கணக்குப் பார்க்கும் பக்தி ஒரு நோய் என்றால், புரட்டஸ்தாந்தப் பக்கம் இது ஒரு நோய்.

'பேறுபலன்' என்ற சொல்லைக் கேட்டாலே புரட்டஸ்தாந்தர் ஏன் சங்கடப்படுகிறார்கள்?

கூலி வாங்குவதுபோல் ஒலிப்பதால். கத்தோலிக்க விளக்கம் அகுஸ்தினிடமிருந்து வருகிறது: கடவுள் நம் பேறுபலன்களுக்கு முடிசூட்டும்போது, தம்முடைய கொடைகளுக்கே முடிசூட்டுகிறார். அப்பா கொடுத்த காசில் அப்பாவுக்கே பரிசு வாங்கித் தரும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பரிசு குழந்தையுடையதுதான், காசு அப்பாவுடையது. திரெந்தும் ஏறக்குறைய இதையே சொல்கிறது.

புரட்டஸ்தாந்தருக்கு இதில் மிஞ்சும் தயக்கம்: இயேசுவே நற்செயல்களுக்குப் பலன் உண்டு என்கிறார், அதை நாங்கள் மறுக்கவில்லை, ஆனால் நித்திய ஜீவனையே அந்தப் பலன்களின் பட்டியலில் சேர்க்கும்போது, சாகும் தறுவாயில் கிடப்பவனின் கண் கிறிஸ்துவைவிட்டுத் தன் பட்டியலுக்குத் திரும்பிவிடுமே. இந்தப் பயத்தைக் கத்தோலிக்கர் அற்பமாக எண்ணக் கூடாது என்று நினைக்கிறேன்.

"நான் இரட்சிக்கப்பட்டேன்" என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

பல புரட்டஸ்தாந்தர், "முடியும், சொல்ல வேண்டும்" என்பார்கள். கிறிஸ்துவின் வாக்கை நம்புவது என்றால், அது எனக்கானது என்று நம்புவதுதானே. திரெந்து இதை 'வீணான உறுதி' என்று எச்சரித்தது. கடவுளின் இரக்கத்தைச் சந்தேகிக்கக் கூடாது. ஆனால் என் பலவீனத்தைப் பார்க்கும்போது நான் அருள் நிலையில் இருக்கிறேன் என்று தவறவே முடியாத நிச்சயத்தோடு சொல்ல எனக்கு இடமில்லை என்பது அதன் நிலை.

கத்தோலிக்க மனநிலையை ஒரு சம்பவத்தில் பார்க்கலாம். 1431இல் பிரெஞ்சுப் படையோடு போருக்குப் போன இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கைத் திருச்சபை நீதிமன்றத்தில் விசாரித்தவர்கள், "நீ அருள் நிலையில் இருக்கிறாயா?" என்று கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். அந்தப் பெண் சொன்னாள்: "இல்லையென்றால், கடவுள் என்னை அதில் வைப்பாராக, இருந்தால், என்னை அதிலேயே காப்பாராக." ஓர் ஆழ்ந்த லூத்தரன் இந்தப் பதிலைக் கேட்டு மறுப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கிடைத்த இரட்சிப்பை இழக்க முடியுமா?

முடியும்: கத்தோலிக்கர், லூத்தரன்கள், மெதடிஸ்டுகள். உண்மையாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர் கடைசிவரை நிலைப்பார், இழப்பதில்லை: 1618–19இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் சங்கத்தின் வழிவரும், கால்வினைப் பின்பற்றும் சீர்திருத்தச் சபையினர். அதனால் "புரட்டஸ்தாந்தர் எல்லாரும் ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிப்பு என்று நம்புகிறார்கள்" என்பது சரியில்லை.

சாவான பாவத்தால், அதாவது கனமான பாவத்தால், அருளை இழந்த கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கிறது. கப்பல் உடைந்தவனுக்குக் கிடைக்கும் இரண்டாவது பலகை என்று பழைய காலத்திலிருந்தே அதைச் சொல்வார்கள்.

ஞானஸ்நானம் ஒரு கிரியை இல்லையா?

கத்தோலிக்கரும் லூத்தரன்களும், அது கடவுள் செய்யும் செயல், அதில் நாம் பெறுபவர்கள் மட்டுமே என்பார்கள், குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். பாப்டிஸ்டுகள் அதை விசுவாசித்தவரின் கீழ்ப்படிதலாகவும் சாட்சியாகவும் பார்க்கிறார்கள். இந்த விஷயத்தில் லூத்தர் பாப்டிஸ்டுகளைவிடக் கத்தோலிக்கருக்கே பக்கம்.

உத்தரிக்கிற ஸ்தலமும் பாவமன்னிப்புச் சீட்டும் இதில் எங்கே வருகின்றன?

உத்தரிக்கிற ஸ்தலம் இரண்டாவது வாய்ப்பு அல்ல. அருள் நிலையில் இறந்து, மீட்பு உறுதியானவர்களுக்கு நடக்கும் இறுதிச் சுத்திகரிப்பு என்பதே கத்தோலிக்கப் போதனை. மருத்துவமனை உவமையை நினைத்துக்கொண்டால் தர்க்கம் புரியும்: சிகிச்சை முடியாமல் இறந்தவருக்கு அது முடித்துவைக்கப்படுகிறது. நீதிமன்ற உவமையில் அதற்கு இடமே இல்லை. முழு விடுதலை கிடைத்தவனுக்கு இன்னும் என்ன பாக்கி? கத்தோலிக்கர் காட்டும் 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தைப் புரட்டஸ்தாந்தர் வேதமாக ஏற்பதில்லை. 1 கொரிந்தியர் 3:15ஐ வேறுவிதமாகப் படிக்கிறார்கள்.

'சீட்டு' என்று பாடப்புத்தகத்தில் படித்தது, கத்தோலிக்கர் இன்று நிறைபேறு பலன் என்று சொல்வதன் கெட்டுப்போன வடிவம். அது குற்றத்தை மன்னிப்பதாகச் சொல்லவில்லை. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சியிருக்கும் தற்காலிகத் தண்டனையைக் குறைப்பதாகச் சொன்னது. ஆனால் காசுக்கு விற்கப்பட்டபோது அந்த நுணுக்கம் யார் காதில் விழுந்திருக்கும்? 1567இல் ஐந்தாம் பயஸ் பாப்பரசர் பணத்தோடு கட்டிய பலன்களை ரத்துசெய்தார். அதற்குள் 50 ஆண்டுகள் ஓடிவிட்டன.

சேர்ந்துபோக யாரும் முயற்சி செய்யவில்லையா?

செய்தார்கள், கிட்டத்தட்ட ஜெயித்தார்கள். 1541இல் ரேகன்ஸ்புர்க் நகரில் கத்தோலிக்கத் தரப்பில் எக், குரோப்பர் போன்றவர்களும் புரட்டஸ்தாந்தத் தரப்பில் மெலாங்தன், பூட்சர் போன்றவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பாப்பரசரின் தூதராக வந்த கர்தினால் கொந்தாரினி, லூத்தரைப் போலவே தன் முயற்சிகளில் சமாதானம் காணாமல் தவித்தவர். நீதிமானாக்கப்படுதல் பற்றிய பகுதியில் இரு தரப்பும் ஒரே வாசகத்துக்கு ஒப்புக்கொண்டன. அப்புறம் நற்கருணையிலும் சபையின் அதிகாரத்திலும் பேச்சு உடைந்தது. ஒப்புக்கொண்ட வாசகத்தையும் லூத்தர் ஒட்டுப்போட்ட வேலை என்றார், ரோமும் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே கொந்தாரினி இறந்துபோனார். இந்த வரலாற்றில் நான் மிகவும் வருந்துவது இந்த இடத்தில்தான்.

1999இல் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்களே?

1999 அக்டோபர் 31, அவுக்ஸ்புர்க். கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்லாமல், கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் நாம் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்பட்டுத் தூய ஆவியைப் பெறுகிறோம். அவர் நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்று இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். அந்த அறிக்கையில் விளக்கப்பட்ட லூத்தரன் போதனைக்குத் திரெந்தின் கண்டனங்கள் பொருந்தாது, லூத்தரன் கண்டனங்கள் அதிலுள்ள கத்தோலிக்கப் போதனைக்குப் பொருந்தாது என்றும் சொன்னார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் இதில் இணைந்தன. இடையில் 2016இல் ஆங்கிலிக்கரும் இதன் சாரத்தை வரவேற்றார்கள்.

முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அமெரிக்காவின் மிசௌரி சினாடு லூத்தரன்கள் இதை ஏற்கவில்லை. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட புரட்டஸ்தாந்த இறையியல் பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். நீதிமானாக்கப்பட்டவன் 'ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்' என்று லூத்தர் சொன்னதைக் கத்தோலிக்கர் முழுதாக ஏற்க முடியாது. ஞானஸ்நானத்துக்குப் பின் நம்மில் எஞ்சும் கெட்ட நாட்டம் பாவத்துக்கு இழுக்கும், ஆனால் அதுவே பாவம் ஆகாது என்பது அவர்கள் நிலை. பேறுபலன் என்ற சொல்லும் தகராறிலிருந்து முழுதாக விலகவில்லை. பாப்டிஸ்டு, பெந்தெகொஸ்தே உலகக் கூட்டமைப்புகள் இதில் கையெழுத்திடவும் இல்லை.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் எந்தப் பக்கம்?

இந்தச் சண்டை லத்தீன் மேற்குக்குள் பிறந்தது. அவர்கள் மீட்பைக் கடவுளின் வாழ்வில் பங்குபெற்று மனிதர் உருமாறுவதாகப் பேசுகிறார்கள். 'விசுவாசமா, கிரியையா' என்று கேட்டால் கேள்வியையே மாற்றச் சொல்வார்கள்.

சிலுவையில் தொங்கிய கள்வன் எப்படி இரட்சிக்கப்பட்டான்?

ஒவ்வொரு விவாதமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் (லூக்கா 23:40–43). ஞானஸ்நானம் பெறவில்லை, தர்மம் செய்யவில்லை, கையும் காலும் ஆணியில். "ஆண்டவரே, அடியேனை நினைத்தருளும்" என்றான், அவ்வளவுதான். விசுவாசத்தினால் மட்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று புரட்டஸ்தாந்தர் கேட்பார்கள்.

கத்தோலிக்கர் அதே வசனங்களைக் காட்டி, அவன் செய்தவற்றை எண்ணிப் பார்க்கச் சொல்வார்கள். சக குற்றவாளியைக் கடிந்துகொண்டான். தன் தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டான். எல்லாரும் ஏளனம் செய்த வேளையில் இயேசு குற்றமற்றவர் என்று சாட்சி சொன்னான். மூச்சுவிடவே சிரமப்படும் ஒருவனிடமிருந்து வந்த செயல்கள் இவை. அருளே அவனுக்குள் அவற்றைச் செய்தது.

கத்தோலிக்கத் திருச்சபை அவனைப் புனிதர்களின் பட்டியலில் வைத்து மார்ச் 25இல் நினைவுகூர்கிறது.